நியூயார்க் – சிங்கப்பூர்: 31 மணி நேரமா?

நியூயார்க்கில் வெள்ளி இரவு 10.30-க்கு விமானம் ஏறி, சிங்கப்பூரில் ஞாயிறு காலை 5.30-க்கு இறங்குவதால், 31 மணி நேரப் பயணம் என்று கணக்குப் போட்டுப் பயந்துவிட்டீர்கள். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். நீங்கள் போகும் ஜூலையில் சிங்கப்பூர் நியூயார்க்கைவிட 12 மணி நேரம் முன்னே ஓடுகிறது. அதைக் கழித்தால் 19. (குளிர்காலத்தில் நியூயார்க்கில் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுவதால் 13 கழிக்க வேண்டும்.)

தூரம் சுமார் 15,300 கி.மீ. அதை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 17 மணிதான் வரும். ஆனால் சுற்றுப்பாதை, ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது எல்லாம் சேர்ந்தால் மீதி இரண்டு மணி கரைந்துவிடும். நேரடி விமானத்தில் சாதாரண எகானமி வகுப்பு கிடையாது; விலை கண்டு மலைக்காதீர்கள். அம்மா உடன் வருவதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வழியில் இறங்கி மாறும் டிக்கெட்டைத்தான் எடுப்பேன். 19 மணி நேரம் ஒரே இருக்கை முழங்காலுக்கு ஆகாது.