ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு நீக்கிய பிறகு வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

உங்கள் நான்கு வயது ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டதாகவும், மருத்துவர் கத்தீட்டர் (சிறுநீர்ப் பாதைக்குள் நுழைக்கும் மெல்லிய குழாய்) போட்டு அடைப்பை நீக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இது திரும்ப வருமா, வீட்டில் என்ன செய்ய வேண்டும், கருத்தடை அறுவை செய்ததுதான் காரணமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு ஆண் பூனைக்கும் இதே நோய் வந்து, அதைப் பல மாதங்கள் அருகிலிருந்து பார்த்துக்கொண்ட அனுபவத்திலும், அப்போது மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றிலிருந்தும் இதை எழுதுகிறேன்.

திரும்ப வரலாம். கத்தீட்டரை எடுத்த முதல் சில நாட்களில்தான் அந்த வாய்ப்பு மிக அதிகம். ஆகவே மருந்து, உணவு எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் முதல் வேலை, பூனை இன்று எத்தனை முறை, எவ்வளவு சிறுநீர் கழித்தது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்வதுதான். 'போயிருக்கும்' என்ற ஊகத்துக்கு இந்த நோயில் இடமில்லை.

ஆண் பூனைக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் நீளமானது. நுனியை நெருங்க நெருங்க அது குறுகி, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. சிறுநீர்ப்பையின் உட்சுவர் வீங்கிப் புண்படும்போது அதிலிருந்து கசியும் புரதமும் சளியும், சிறுநீரில் மிதக்கும் ஸ்ட்ரூவைட் என்ற தாது உப்புப் படிகங்களோடு சேர்ந்து பசைபோன்ற ஓர் அடைப்பானாகித் திரண்டு அந்தக் குறுகிய இடத்தில் சிக்கிக்கொள்கின்றன. சில பூனைகளில் உண்மையான கல் இருக்கும். இன்னும் சிலவற்றில் கல்லோ அடைப்பானோ கிடையாது. வீக்கமும் தசை இறுக்கமுமே வழியை மூடிவிடும். இளம் பூனைகள் பலவற்றில் எந்தக் கிருமியும் கிடைப்பதில்லை. குறிப்பிட்ட காரணம் சொல்ல முடியாத சிறுநீர்ப்பை அழற்சி என்றே மருத்துவர்கள் முடிவுக்கு வருகிறார்கள். அடைப்பு இந்த நோயின் கடைசிக் கட்டம் மட்டுமே. கத்தீட்டர் அந்தக் கட்டத்தைத் தீர்க்கிறது. புண்பட்ட சிறுநீர்ப்பையும், குழாய் நுழைந்து உரசிய பாதையும் அப்படியேதான் இருக்கின்றன. அவை ஆறும் வரைதான் உங்கள் கண்காணிப்பு மிக நெருக்கமாக இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் பலரும் பூனைக்கு மணல் தட்டோ கிழித்த செய்தித்தாளோ வைக்கிறோம். மற்ற நாட்களில் அது போதும். ஆனால் மணலில் ஈரம் இறங்கிவிட்டால் அளவு தெரியாது. எனவே இப்போதைக்கு, ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் லிட்டரை (பூனைத் தட்டில் மணலுக்குப் பதிலாகப் போடும் களிமண் துகள்களை) வாங்கி வையுங்கள். ஒவ்வொரு கட்டியும் ஒரு முறை கழித்த சிறுநீர். நன்றாக இருக்கும் பூனை ஒரு நாளில் இரண்டிலிருந்து நான்கு கட்டிகள் வரை, உள்ளங்கையில் அடங்கும் அளவில் விட்டுவைக்கும். கட்டிகளின் எண்ணிக்கை கூடி அளவு கோலிக்குண்டு போலச் சிறுத்தால், அது முன்னேற்றமல்ல, எச்சரிக்கை. காலையும் மாலையும் சல்லடைக் கரண்டியால் அள்ளி, ஒரு தாளில் எண்ணிக்கையும் அளவும் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள் உங்கள் நினைவைவிட நம்பகமாகப் பேசும். வீட்டில் வேறு பூனைகளும் இருந்தால், இந்தப் பூனையைச் சில நாட்களுக்குத் தனி அறையில் அதன் தட்டோடு வைத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

முதல் சில நாட்களில் சிறுநீர் இளஞ்சிவப்பாக இருப்பதும், அவ்வப்போது சிறு இரத்த இழை தெரிவதும் இயல்பு. வெள்ளை டிஷ்யூ தாளைத் தட்டின் ஓரத்தில் ஒற்றிப் பார்த்தால் நிறம் தெரியும். நாளுக்கு நாள் அது மஞ்சளுக்குத் திரும்ப வேண்டும். இயல்பல்லாதது வேறு. பூனை தட்டில் ஏறி, வாலை உயர்த்தி, பின்பகுதியைத் தாழ்த்தி, மூச்சைப் பிடித்து முக்குகிறது. ஒரு சொட்டுகூட விழுவதில்லை. இறங்கிய உடனே குளியலறை வடிகால் மேலும் பிறகு கால்மிதி மேலும் அதையே செய்கிறது. நடுநடுவே உட்கார்ந்து பிறப்புறுப்பை விடாமல் நக்குகிறது. அடித்தொண்டையிலிருந்து ஒரு நீண்ட குரலில் கத்துகிறது. இதைப் பார்க்கும் பெரும்பாலோர் மலச்சிக்கல் என்றே நினைக்கிறார்கள். ஆண் பூனை முக்கினால், வேறு விதமாக உறுதியாகும் வரை அதைச் சிறுநீர் அடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிறுநீர் வெளியேறாதபோது கழிவுகளோடு பொட்டாசியமும் இரத்தத்தில் ஏறுகிறது. பொட்டாசியம் ஏற ஏற இதயத் துடிப்பு மெதுவாகி, கடைசியில் நின்றேபோகிறது. முழு அடைப்பு ஏற்பட்டு ஒரு நாள் கடப்பதற்குள்ளேயே பூனை வாந்தி எடுத்து, சாப்பாட்டை விட்டு, கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளலாம். இரண்டு மூன்று நாட்களில் உயிரே போகலாம். கத்துவதை நிறுத்தி அமைதியாகிவிட்டது என்பது வலி குறைந்ததற்கு அடையாளமல்ல. பல நேரங்களில் உடல் ஓய்ந்துபோனதற்கு அடையாளம். உங்கள் ஊரில் இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, அங்கே கத்தீட்டர் போடும் வசதி உண்டா என்பதை இன்றே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் கூடினால், வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிகள் ஆகியவற்றின் மருத்துவமனைகளையும் நினைவில் வையுங்கள். தொலைபேசியில் பேசும்போது "பூனைக்கு உடம்பு சரியில்லை" என்று தொடங்காமல், "ஆண் பூனை, முன்பே அடைத்தது, இத்தனை மணியிலிருந்து சிறுநீர் வரவில்லை" என்று சொன்னால் உடனே அவசரம் புரிந்துகொள்வார்கள்.

வீட்டில் செய்யவே கூடாதவை சில உண்டு. அடிவயிற்றில் எலுமிச்சை அளவுக்கு இறுகிய உருண்டை கைக்குத் தட்டுப்பட்டால் அது நிரம்பிய சிறுநீர்ப்பை. அதை அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற முயலாதீர்கள், கிழிந்துவிடும். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. கால் மாத்திரைகூடக் கொல்லும். சிறுநீர்க் கடுப்புக்கு மனிதர்கள் குடிக்கும் அல்கலைசர் சிரப்பைச் சிலர் நல்லெண்ணத்தோடு கொடுக்கிறார்கள். அது சிறுநீரைக் காரத்தன்மையாக்குகிறது. ஸ்ட்ரூவைட் படிகங்கள் உருவாவதோ காரச் சிறுநீரில்தான். வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், சிறுபீளை ஆகியவற்றையும் பாதை மூடியிருக்கும்போது ஊற்றினால், வெளியேற வழியில்லாத பைக்குள் மேலும் நீரைச் சேர்ப்பதாகவே முடியும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதால் அது இரட்டை ஆபத்து.

இனி நீர். பூனையின் முன்னோர் வறண்ட நிலத்து விலங்குகள். இரையிலிருந்தே பெரும்பாலான நீரைப் பெற்றுக்கொண்டு, சிறுநீரை மிகவும் செறிவாக்கி வாழப் பழகிய உடல் அதனுடையது. தாகம் எடுத்துத் தானாகக் குடிக்கும் என்று நம்பி, பத்தில் ஒரு பங்குகூட ஈரமில்லாத டிரை ஃபுட்டை மட்டும் போட்டால், சிறுநீர் செறிந்துகொண்டே போகும். வெட் ஃபுட்டில் முக்கால் பங்குக்கு மேல் நீர். எனக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யத்தான் அனுமதி உண்டு என்றால், கிண்ணத்தில் உணவை ஈரமாக்குவதையே தேர்ந்தெடுப்பேன். டின் உணவு கட்டுப்படியாகாவிட்டால், மருத்துவர் எழுதிக்கொடுத்த உலர் உணவின் மேல் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள். வேகவைத்த மீன் தண்ணீரை, உப்பும் வெங்காயமும் பூண்டும் சேராமல், அதில் ஒரு கரண்டி கலந்தால் பல பூனைகள் நக்கிக் குடிக்கும். தண்ணீரை அகலமான கிண்ணங்களில், சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் லிட்டர் தட்டிலிருந்தும் தள்ளி, வீட்டின் வேறு வேறு இடங்களில் வையுங்கள்.

சிறுநீர்க் கோளாறுக்கென்று மருத்துவர்கள் பரிந்துரைக்கும் தனி உணவுகள் உண்டு. ராயல் கேனின், ஹில்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. அடைப்பு ஸ்ட்ரூவைட்டால் என்றால் இவை படிகங்களைக் கரைக்கவும், புதிதாக உருவாகாமல் தடுக்கவும் உதவுகின்றன. கால்சியம் ஆக்சலேட் கல் என்றால் எந்த உணவாலும் கரையாது. எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே சிறுநீர்ப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் ஆகியவற்றில் என்ன தெரிந்தது என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த முடிவைக் கையில் வாங்கி வையுங்கள். தனி உணவைப் போட்டுக்கொண்டே இடையில் நெத்திலிக் கருவாடு, தயிர்ச் சோறு என்று கொடுத்தால் அந்த உணவின் பயன் போய்விடும். எலும்போடு தின்னும் கருவாட்டில் தாதுக்கள் ஏராளம், சோறு மிகுந்த உணவோ சிறுநீரைக் காரத்துக்குத் தள்ளக்கூடும். புதிய உணவுக்கு ஒரே நாளில் மாற்றாமல், பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். பூனை பட்டினி கிடந்து வழிக்கு வரும் என்று விடக்கூடாது. குறிப்பாகப் பருத்த பூனை ஓரிரு நாள் சாப்பிடாமலிருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து வேறொரு பெரிய நோய்க்கு ஆளாகலாம்.

மன அழுத்தம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதைத் தட்டிக்கழிக்கும் சொல்லாக நினைக்காதீர்கள். காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சிக்கு மிக உறுதியாகத் தொடர்பு காட்டப்பட்ட ஒன்று அது. வீட்டுக்கு வெள்ளையடிப்பு, புதிய பூனையின் வரவு, ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் வந்து உட்காரும் வேறொரு கடுவன், தீபாவளி வெடி ஆகிய எல்லாமே தூண்டலாம். ஒரு பூனைக்கு இரண்டு கழிவுத் தட்டுகள், இரண்டு பூனைக்கு மூன்று என்று வைத்து, தினமும் சுத்தம் செய்யுங்கள். ஏறி உட்கார உயரமான இடமும், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும், தினம் ஒரே நேரத்தில் சிறிது விளையாட்டும் வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருந்து பருத்துப்போன பூனைகளுக்கே இந்நோய் அதிகம் என்பதால் விளையாட்டு இரட்டிப்புப் பயன் தரும். தீபாவளிக்கு முன்பே உள்ளறை ஒன்றை ஒதுக்கி, ஜன்னலை மூடிப் பழக்குங்கள்.

மருந்துகளைப் பொறுத்தவரை, வலி மருந்தை முழுமையாகக் கொடுத்து முடியுங்கள். வலித்தால் தசை இறுகும், இறுகினால் சிறுநீர் வராது. குழாயைத் தளர்த்த பிராசோசின் எழுதியிருந்தால், அது இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் என்பதால் பூனை மிகவும் சோர்ந்து தள்ளாடினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் தரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கிருமி இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் மட்டுமே அது தேவை. நக்குவதைத் தடுக்கக் கழுத்தில் கட்டிய கூம்பைப் பரிதாபப்பட்டுக் கழற்றாதீர்கள்.

கருத்தடை பற்றிய உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். சிறு வயதில் கருத்தடை செய்தால் குழாய் வளராமல் குறுகிவிடும் என்று பலர் சொல்வதுண்டு. செய்த பூனைகளையும் செய்யாதவற்றையும் அளந்து பார்த்த ஆய்வுகளில் குழாயின் விட்டத்தில் அப்படி ஒரு வேறுபாடு தென்படவில்லை. கருத்தடைக்குப் பிறகு பூனை எளிதில் பருத்துவிடும் என்பது உண்மை. அதை உணவின் அளவால் கட்டுப்படுத்த முடியும். நீங்கள் செய்தது சரியே.

இத்தனைக்குப் பிறகும் அடைப்பு மீண்டும் மீண்டும் வந்தால், குறுகலான நுனிப் பகுதியை நீக்கி, அகலமான பகுதியில் புதிய திறப்பு அமைக்கும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. அது அடைப்பைப் பெருமளவு தடுக்கும். ஆனால் சிறுநீர்ப்பை அழற்சியைத் தீர்க்காது, கிருமித் தொற்றுக்கான வாய்ப்பையும் கொஞ்சம் கூட்டும். ஆகவே முதல் அடைப்பிலேயே அதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. இரண்டாவது முறை அடைத்தால், அந்த அறுவையை அடிக்கடி செய்து பழகிய மருத்துவர் ஒருவரிடம் கருத்துக் கேளுங்கள்.