உயிரணு பிரியும்போது பிழை நேர்ந்தால் உடனே புற்றுநோய் வந்துவிடுமா?

வராது. பிழைபட்ட உயிரணுக்களில் பெரும்பாலானவை பிரிவதை நிறுத்திக்கொள்கின்றன, அல்லது தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன.

மனித உயிரணுவில் மரபணுக்களைத் தாங்கும் 46 குரோமோசோம்கள் உள்ளன. பிரிவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் உருவாகிறது. மூலமும் நகலும் ஒட்டியபடியே உயிரணுவின் நடுவே வந்து நிற்கும். இரு முனைகளிலிருந்தும் நுண்ணிய கதிர் இழைகள் வந்து அவற்றைப் பற்றும். எனக்கு மிகவும் வியப்பூட்டும் கட்டம் இதுதான்: ஒரே ஒரு குரோமோசோம் இழையில் சிக்காமல் நின்றாலும், அதிலிருந்து 'பொறு' என்ற வேதிச் சமிக்ஞை போய்க்கொண்டே இருக்கும். மற்ற 45 குரோமோசோம்களும் அதற்காகக் காத்திருக்கும்! கடைசி இணைப்பும் உறுதியான பிறகே மூலமும் நகலும் பிரிந்து எதிரெதிர் முனைகளுக்கு நகர்கின்றன.

இந்தக் காவலையும் மீறிப் பிழை நேர்வதுண்டு. கருமுட்டை உருவாகும்போது 21-ஆவது குரோமோசோம் ஜோடி பிரியாமல் போனால், குழந்தைக்கு அது மூன்றாக அமைந்துவிடலாம். உடல், அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் டவுன் நோய்க்குறி என்ற பிறவி நிலைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம் (1959-இல் கண்டறியப்பட்டது). தாயின் வயது கூடக்கூட இதற்கான வாய்ப்பும் கூடுகிறது. ஆனால் பெற்றோர் செய்த தவறு எதுவும் இதில் இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

புற்றுநோயின் பாதை வேறு. பொதுவாக ஒரு பிழை அதற்குப் போதாது. பல ஆண்டுகளில் பல மாற்றங்கள் சேர வேண்டும், காவல் மரபணுக்களே பழுதாக வேண்டும். டி.என்.ஏ. சேதமடைந்தால் பிரிதலை நிறுத்துவதும், சேதம் மிகுந்தால் உயிரணுவை மடியச் செய்வதும் பி53 என்ற புரதத்தின் வேலை. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் அதற்கான மரபணு பழுதாகியிருக்கிறது.