நார் நாராக வந்த பனங்கிழங்கு

கேள்வி: பொங்கலுக்கு வந்தபோது கீழக்கரை அருகே சாலையோரத்தில் ஒரு கட்டு பனங்கிழங்கு வாங்கினோம். வேகவைத்தால் மாவு மாவாக அத்தனை ருசி. தை மாதக் கடைசியில் உறவினரிடம் சொல்லி அதே வியாபாரியிடம் இன்னொரு கட்டு வரவழைத்தோம். கயிற்றை மெல்வதுபோல் இருந்தது. ஏமாற்றிவிட்டாரா? பார்த்து வாங்க வழி உண்டா? (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அவர் ஏமாற்றினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அம்மா. இடையில் கடந்த அந்த நாட்கள்தான் காரணமாக இருக்க வேண்டும்.

பனங்கொட்டை முளைக்கும்போது முளை முதலில் மேலே வருவதில்லை, மண்ணுக்குள் இறங்குகிறது. கொட்டைக்குள் தவுனாக, அதாவது பஞ்சுபோன்ற வெள்ளைப் பருப்பாக இருக்கும் சத்து அதன் வழியே இறங்கி, கிழங்காகத் திரள்கிறது. இளம்பனை தன் முதல் ஓலையை விரிப்பதற்காகச் சேர்த்து வைக்கும் கட்டுச்சோறு அது. குருத்து வெளியே வந்து ஓலை விரியத் தொடங்கினால், அந்த மாவை அது செலவழித்துவிடும், மிஞ்சுவது நார். ஆவணி, புரட்டாசியில் கொட்டை போட்டவர்கள் மார்கழிக் கடைசியிலும் தை தொடக்கத்திலும் தோண்டுவது இதனால்தான். அதற்குப் பிறகும் பாத்தியில் கிடந்த கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது மண். எங்கள் அப்பத்தா கொல்லைப்புறத்தில் மணலை முழங்கால் உயரத்துக்குக் குவித்துப் பாத்தி கட்டுவார். கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே இன்னும் கொஞ்சம் மணல் போர்த்துவார். மார்கழிக் கடைசியில் ஓரத்தில் ஒரு கிழங்கை மட்டும் கையால் பறித்தெடுத்து, முனையை விரலால் தடவிப் பார்ப்பார். கூராக மூடியிருந்தால் மறுநாள் மண்வெட்டி வரும். விரியத் தொடங்கியிருந்தால், “இன்றைக்கே எல்லாவற்றையும் எடுங்கடா” என்று எங்களை விரட்டுவார். அந்த அவசரத்தின் அருமை எனக்கு இப்போதுதான் புரிகிறது.

கடலோர மணலில் முளை தடையில்லாமல் இறங்கும். கிழங்கு நீளமாக, நேராக வரும். உள்ளே தள்ளிக் கண்மாய்ப் பக்கத்துக் களிமண்ணில் போட்டால் கோணலாகும், குட்டையாகும், தோண்டும்போது ஒடியும். மழையும் சரியாக அமைய வேண்டும். நம் ராமநாதபுரம் மாவட்டம் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருப்பது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பொய்த்து, பாத்திக்குத் தண்ணீரும் ஊற்றாமல் விட்டால் கிழங்கு மெலிந்து நார் ஏறும். தண்ணீர் வடியாமல் தேங்கினால் அழுகும். ‘ராமநாதபுரம் கிழங்கு’ என்ற பெயரே போதும் என்று நினைக்காதீர்கள். ஒரே ஊரில் இரண்டு பாத்திக் கிழங்கு இரண்டு விதமாக இருக்கும்.

வாங்கும்போது கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வெளியே பருமனானதை வைத்து உள்ளே சோனியைச் செருகும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். தோல் சுருங்காமல் விறைப்பாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் கனக்க வேண்டும். ஈர மணல் ஒட்டியிருப்பது நல்ல அடையாளம்; தோண்டி அதிக நாளாகவில்லை என்று அர்த்தம். கருமையோ பூஞ்சையோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். “எப்போது தோண்டினீர்கள், எந்த மண்?” என்று கேளுங்கள். தானே பாத்தி போட்டவர் தயங்காமல் சொல்வார், அவரிடம் பேரம் பேசாதீர்கள். கொட்டை பொறுக்கி, அடுக்கி, காத்திருந்து, குனிந்து தோண்டும் உழைப்புக்கு நாம் கொடுக்கும் விலை குறைவுதான்.

நாரே இல்லாத பனங்கிழங்கு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாக வேகவிட்டு, நீளவாக்கில் பிளந்து, நடுக்குருத்தை எடுத்துவிட்டுத் தின்னுங்கள். பச்சையாகத் தின்ன வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் பணம் கட்டி வரவழைத்த கிழங்கில் பாதி அழுகியிருந்தது. விற்றவர் பதிலே சொல்லவில்லை. (கோவை வாசகர்)

பதில்: பெட்டியைப் பிரித்த அன்றே எடுத்த படம், ரசீது இரண்டும் கையில் இருக்கட்டும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளம் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: குடகுக்குப் போன மகன் மூங்கில் குருத்து வாங்கி வந்தான். ஒரே கசப்பு. மூங்கில் குருத்தே இப்படித்தானா? (மண்டபத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: எல்லாக் குருத்திலும் ஓரளவு கசப்பு உண்டு. எவ்வளவு என்பது மூங்கில் வகையையும் அது வளர்ந்த விதத்தையும் பொறுத்தது. இதுவும் இருட்டில் இளசாக இருக்கும் பண்டம்தான். மண்ணைக் கிழித்து வெளியே வந்து வெயில் பட்ட குருத்து பச்சையேறும், கசப்பும் கூடும். ஜப்பானில் முனை மண்ணைப் பிளக்கத் தொடங்கும் முன்பே, காலடியில் தட்டுப்படும்போதே தோண்டிவிடுவார்கள். வேரடியில் மண் அணைத்து வெளிச்சம் படாமல் மூடி வளர்ப்பவர்களும் உண்டு. வெட்டிய பிறகு அடிப்பக்கத்திலிருந்து கடினமாகிக்கொண்டே வரும். குடகிலிருந்து மண்டபம் வருவதற்குள் உங்கள் குருத்து பாதி முற்றியிருக்கும்.

கசப்பை ருசிக் குறை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பச்சைக் குருத்தில் சயனைடை வெளிவிடும் டாக்சிஃபிலின் என்ற பொருள் இருக்கிறது. மெல்லியதாக நறுக்கி, குடகில் செய்வதுபோல் தினமும் தண்ணீரை மாற்றி இரண்டு மூன்று நாள் ஊறவையுங்கள். பிறகு மூடி போடாமல் நன்றாகக் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். அப்போதும் கடுமையாகக் கசந்தால் தின்னாதீர்கள். அடுத்த முறை மழைக்காலத்தில், காலையில் வெட்டியதாகப் பார்த்து வாங்கி, அங்கேயே வேகவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.