அகதிகளுக்கு நிதி திரட்ட ஒரு சிறு குழு: எங்கே தொடங்குவது?

கேள்வி: "எங்கள் பகுதியில் சில நண்பர்கள் சேர்ந்து அகதிகளுக்காக நிதி திரட்டலாம் என்று இருக்கிறோம். ஆர்வம் நிறைய, அனுபவம் இல்லை. இப்படி ஒரு குழுவை நடத்தியவர்கள் எங்கே தொடங்குவது என்று சொல்லுங்களேன்."

இப்படி ஒரு குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன், பெரும்பாலும் பொருளாளராக. அதனால் பதிலில் கொஞ்சம் கணக்குப்பிள்ளை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் முதல் நிகழ்ச்சியை எப்படி நடத்துவது என்றுதான் கேட்கிறார்கள். அது கிடக்கட்டும். அகதிகளைப் பற்றிச் செய்தியில் ஒரு வரிகூட வராத மாதத்தில் உங்கள் குழு என்ன செய்யும் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடிவெடுங்கள். நன்கொடை செய்தியின் பின்னால் ஓடும். அகதியின் தேவையோ செய்தி ஓய்ந்த பிறகும் வருடக்கணக்கில் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை நிரப்பத்தான் உள்ளூர்க் குழு வேண்டும். செய்தி சூடாக இருக்கும்போது பெரிய நிறுவனங்களே நம்மைவிட நன்றாகத் திரட்டிக்கொள்ளும்.

ஒரு உதாரணம். 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த சிரியச் சிறுவனின் படம் உலகம் முழுக்கப் போனது நினைவிருக்கும். அந்த வாரம் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் சிரிய நிதிக்கு வந்த தொகை பல மடங்கு எகிறியது, ஆறு வாரங்களுக்குள் பெருமளவு இறங்கிவிட்டது. ஆனால் அதே சமயத்தில் மாதாமாதம் கொடுக்கிறோம் என்று பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ பத்து மடங்கானது. அவர்களில் பெரும்பாலோர் பல மாதங்கள் கழித்தும் விலகவில்லை. உணர்ச்சி வடிந்துவிட்டது, ஏற்பாடு மட்டும் நிலைத்து நின்றது. நிதி திரட்டுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி இந்த ஒரு விஷயத்தில் அடங்கும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். கென்யாவில் டடாப் முகாம் 1991இல் தொடங்கியது, இன்னும் இருக்கிறது. அங்கே பிறந்த குழந்தைகள் வளர்ந்து அங்கேயே பெற்றோர் ஆகிவிட்டார்கள். ஜோர்டானின் ஜாத்தரி முகாம் 2012இல் திறந்தது. 2017 ஆகஸ்ட் முதல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்துக்கு வந்தார்கள், பெரும்பாலானவர்கள் இன்றும் காக்ஸ் பஜார் பக்கத்து முகாம்களில்தான். இவர்களுக்குப் பள்ளி வேண்டும், மருந்து வேண்டும், கழிப்பறை பழுதுபார்க்க வேண்டும். இதில் எதுவும் தலைப்புச் செய்தி ஆகாது.

அதனால் ஒரு பெரிய நிகழ்ச்சியில் திரளும் தொகையைவிட, சிறு தொகையை வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும்படி வைத்திருக்கும் நாற்பது பேர்தான் குழுவின் சொத்து. நிகழ்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. இசை நிகழ்ச்சி, நடைப்பயணம், பழைய புத்தக விற்பனை எல்லாம் நடத்துங்கள், ஆனால் அதன் வேலை அந்த நாற்பது பேரைக் கண்டுபிடிப்பது. வாசலில் மாதச் சந்தா படிவத்தோடு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அரங்க வாடகை, ஒலிபெருக்கி, அச்சுச் செலவு எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று முன்கூட்டியே எழுதிப் பாருங்கள். பாதி இருக்கை காலியாக இருந்தாலும் கையைக் கடிக்காத நிகழ்ச்சியை மட்டும் எடுங்கள். அரங்கம் நிறைந்து கைதட்டல் வாங்கி, கணக்குப் பார்க்கும்போது நஷ்டத்தில் முடிகிற நிகழ்ச்சிகள் ஏராளம்.

சரி, திரட்டிய பணம் எங்கே போகும்? இதையும் துண்டறிக்கை அடிப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். நேரடியாக ஒரு முகாமுக்கு அனுப்புகிறோம் என்பது கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் போர் நடக்கும் நாடுகளுக்கோ அவற்றின் அண்டை நாடுகளுக்கோ ஒரு சிறு குழு பணம் அனுப்பினால் வங்கி நிறுத்தி வைத்து ஆயிரம் கேள்வி கேட்கும். யாருக்குப் பணம் போகக் கூடாது என்ற தடைப்பட்டியல், கறுப்புப்பணச் சோதனை எல்லாம் இருக்கிறது. பதிவு பெற்ற, தணிக்கை அறிக்கை வெளியிடும் ஒரு அமைப்பு வழியாகப் போவதுதான் புத்திசாலித்தனம். ஐ.நா. அகதிகள் முகமை பல நாடுகளில் நன்கொடை பெறத் தனி அமைப்புகள் வைத்திருக்கிறது. ஐ.நா. அமைப்புதானே, ஐ.நா.வே பணம் கொடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஐ.நா.வின் பொது நிதியிலிருந்து அதற்கு வருவது மிகச் சிறு பங்கு. மற்றதெல்லாம் அரசுகளும் தனியாரும் மனமுவந்து கொடுப்பது.

உங்கள் ஊரிலேயே வந்து தங்கியிருக்கும் அகதிக் குடும்பங்களுக்கு உதவுவது என்றால் வேலை வேறு மாதிரி. பணம் குறைவாகவும் நேரம் அதிகமாகவும் வேண்டும். இரண்டையும் ஒரே குழு செய்யலாம், கணக்கை மட்டும் தனித்தனியாக வையுங்கள்.

துண்டறிக்கையின் வாசகத்தில் ஒரு எச்சரிக்கை. 2024 இறுதியில் உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்திருந்தவர்கள் 12.3 கோடிப் பேர் என்கிறது ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்கு. அதில் 7.35 கோடிப் பேர் சொந்த நாட்டு எல்லையைத் தாண்டாதவர்கள், சட்டப்படி அகதிகள் அல்ல. "அகதிகளுக்காக மட்டும்" என்று அச்சடித்துவிட்டால் அவர்களுக்காகச் செலவழிக்கும்போது யாராவது கேள்வி கேட்கலாம், கேட்பதும் நியாயம். "இந்த முகாமின் பள்ளிக்காக" என்று குறுக்கிவிட்டால், தேவைக்கு மேல் வந்த பணம் அப்படியே முடங்கும். "இந்தத் தேவை நிறைவேறிவிட்டால் மீதித்தொகை இடம்பெயர்ந்தோரின் பிற தேவைகளுக்குப் பயன்படும்" என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

கணக்கு விஷயத்தில் நட்பைக் கொண்டு வராதீர்கள். வங்கிக் கணக்கு குழுவின் பெயரில் இருக்க வேண்டும். ஒருவருடைய சொந்தக் கணக்கில் "இப்போதைக்கு" போட்டு வைப்பது என்று ஆரம்பித்தால் அந்த இப்போதைக்கு முடியவே முடியாது. பணம் எடுக்க இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும், அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. உண்டியல் பூட்டி முத்திரை வைத்திருக்க வேண்டும், திறந்து எண்ணும்போது இருவர் இருக்க வேண்டும், எண்ணிய தொகையில் அங்கேயே கையெழுத்து. ரசீதுக்கு வரிசை எண், ரத்து செய்த ரசீதும் புத்தகத்திலேயே இருக்கட்டும். "என்னை நம்பவில்லையா?" என்று ஒருவர் முகம் சுளிப்பார். பணத்தைத் தொடுகிறவர்மேல் நாளைக்கு ஒரு பழி வந்தால் அவரைக் காப்பாற்றப்போவது இந்த முறைதான், அதை அவரிடமே சொல்லுங்கள். மாதம் ஒருமுறை வரவு, செலவு, அனுப்பியது, கையிருப்பு என்று நான்கே வரியை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் போடுங்கள். அச்சுச் செலவை நன்கொடையிலிருந்து எடுத்தால் அதையும் எழுதுங்கள். மறைத்த சின்னச் செலவுதான் பெரிய சந்தேகமாகத் திரும்பி வரும்.

உண்டியல் நடத்தவும் குலுக்கல் நடத்தவும் அனுமதி வேண்டுமா, குழுவைப் பதிவு செய்ய வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஒரு கணக்காயரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

நிதி என்று அறிவித்த மறுநாளே பழைய துணி மூட்டைகள் வரும். கொண்டு வருபவரின் மனசு நல்லதுதான், மூட்டை உங்களுக்குச் சுமை. பிரிக்க ஆள், வைக்க இடம், அனுப்பக் கப்பல் கூலி. போய்ச் சேரும் இடத்தில் அதே துணி பக்கத்துக் கடையில் மலிவாகவே கிடைக்கும். உதவி நிறுவனங்கள் முடிந்த இடத்தில் எல்லாம் பொருளுக்குப் பதில் பணமாகவே குடும்பங்களின் கையில் கொடுக்கத் தொடங்கியதும் இதனால்தான். தனக்கு எது வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும், செலவழித்த காசு உள்ளூர்க் கடைக்காரருக்கும் போகும். மூட்டை கொண்டு வருகிறவரிடம் இதைச் சிரித்த முகத்தோடு சொல்லக்கூடிய ஒருவரைத் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

படங்கள் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். அகதியின் முகத்தையோ பெயரையோ எங்கள் சுவரொட்டியில் போட மாட்டோம். விட்டுவந்த நாட்டில் அவருடைய அம்மாவோ அண்ணனோ இன்னும் இருக்கலாம், அவரைத் துரத்தியவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து அவர்களைத் தேடிப் போகலாம். "சம்மதித்தாரே" என்பார்கள். உதவி கொடுக்கிறவர் கேட்கும்போது எத்தனை பேரால் "முடியாது" என்று சொல்ல முடியும்? மேடையில் பேச அழைத்தால், கடந்து வந்த கொடுமையைச் சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். அவர் தச்சராக இருந்தால் தச்சு வேலையைப் பற்றிப் பேசட்டும். போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள், பேச்சுக்கு ஒரு தொகையும் கொடுங்கள். இன்னும் நல்லது, அகதியாக வந்த ஒருவரைக் குழுவின் செயற்குழுவிலேயே சேர்ப்பது. நாம் மணிக்கணக்கில் விவாதிக்கும் பல விஷயங்களை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்து வைப்பார்.

"நம் ஊர் ஏழைகளை விட்டுவிட்டு இது எதற்கு?" என்ற கேள்வி ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் வரும். வாக்குவாதம் வேண்டாம். உள்ளூர் ஏழைகளுக்காக வேலை செய்யும் ஒரு அமைப்பின் பெயரைத் தயாராக வைத்திருந்து, அங்கே கொடுங்கள் என்று மனதாரச் சொல்லுங்கள். கேட்டவர்களில் சிலர் நிஜமாகவே கொடுப்பார்கள். அகதிகள் எல்லாரும் பணக்கார நாடுகளுக்கே போகிறார்கள் என்று சொல்பவருக்கு மட்டும் ஒரு தகவல் சொல்லலாம்: அகதிகளில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு இடம் கொடுத்திருப்பவை ஏழை, நடுத்தர வருமான நாடுகள்தான்.

அப்புறம், ஆட்கள். தொடக்கத்தில் துள்ளிக் குதித்து எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்பவர்தான் முதலில் களைத்துப் போவார், போகும்போது கடவுச்சொற்களையும் தொடர்பு எண்களையும் தன்னோடு கொண்டு போவார். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும், பொருளாளர் பதவிக்கு இரண்டு வருடத்துக்கு மேல் யாரும் வேண்டாம். கூட்டம் மாதம் ஒன்று போதும், ஒரு மணி நேரம் தாண்ட வேண்டாம். மாதத்தில் இரண்டு மணி நேரம்தான் தர முடியும் என்று சொல்பவரை ஏளனமாகப் பார்க்காதீர்கள். மாதச் சந்தாக்காரர்களுக்கு நன்றிக் கடிதம் அனுப்ப அந்த இரண்டு மணி நேரம் போதும், பல குழுக்களில் அந்த வேலையைச் செய்யத்தான் யாரும் இல்லை.

குழுவின் விதிமுறையை எழுதும்போது, குழு கலைந்தால் கையிருப்பு எந்த அமைப்புக்குப் போகும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். எல்லாரும் நண்பர்களாக இருக்கும் முதல் மாதத்தில் அதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.