நின்றுபோன தொடரின் மீதிக் கதையை நாமே எழுதலாமா?

கேள்வி: மூன்று ஆண்டுகள் விடாமல் பார்த்த மர்மத் தொடர் ஒன்றை, கதாநாயகி பழைய வீட்டின் பின்கட்டுக் கதவைத் திறக்கும் காட்சியோடு திடீரென நிறுத்திவிட்டார்கள். மனம் ஆறாமல் மீதிக் கதையை நானே எழுதத் தொடங்கி, பன்னிரண்டு அத்தியாயங்கள் முடித்துவிட்டேன், சிலவற்றை இணைத்துள்ளேன். இதை வெளியிடுவது குற்றமா? மின்னூலாக விற்கலாமா? இதனால் அந்தத் தொடருக்கு ஏதேனும் பயன் உண்டா?

பதில்: சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் ஆசைக்கு எழுதி வீட்டில் வைத்துக்கொள்வதில் சிக்கல் இல்லை. வெளியிடும்போதுதான் அடுத்தவர் உரிமை குறுக்கே வருகிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பைத் தழுவி எழுதும் உரிமையை அதன் உரிமையாளருக்கே அளிக்கிறது. நியாயமான பயன்பாடு என்று 52-ஆம் பிரிவு விட்டுக்கொடுப்பவற்றில் சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவை உண்டே தவிர, ரசிகர் புனைவுக்கென்று தனி விலக்கு எதுவும் இல்லை. காசு வாங்காமல் கொடுத்தால் சட்டம் தொடாது என்று பலர் நம்புகிறார்கள். வணிக லாபம் நோக்கமில்லாத இடத்தில் தண்டனையைக் குறைக்க 63-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. ஆனால் அதனாலேயே மீறல் மீறல் இல்லை என்று ஆகிவிடாது. அதே சமயம், கருவுக்கும் கதைப்போக்குக்கும் பதிப்புரிமை கிடையாது, அவை சொல்லப்பட்ட விதத்துக்கே உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. உங்கள் அத்தியாயங்களுக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நடைமுறையில், இலவசமாகச் சுற்றிவரும் ரசிகர் எழுத்தை உரிமையாளர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. காசு புழங்கத் தொடங்கினால்தான் கடிதம் வரும். 2008-இல் ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரின் விசித்திர உயிரினங்களைக் கம்பளி நூலில் பின்னும் முறையை ரசிகை ஒருவர் இலவசமாகத்தான் வெளியிட்டார். அதைப் பார்த்துப் பின்னிய பொம்மைகளை வேறு யாரோ ஏலத் தளத்தில் விற்றதும், அம்முறைகளை நீக்கச் சொல்லி, தொடரின் உரிமையாளரான பிபிசி கேட்டது அந்த ரசிகையிடம்தான். எனவே இரண்டாம் கேள்விக்கு என் விடை உறுதியானது: இந்த வடிவத்தில் விற்காதீர்கள்.

மூன்றாம் கேள்விக்கும் அதே ‘டாக்டர் ஹூ’தான் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விடை. 1963 நவம்பர் 23 அன்று தொடங்கி 26 ஆண்டுகள் ஓடிய அந்தப் பிரிட்டிஷ் தொடரின் பழைய வரிசை, 1989 டிசம்பர் 6 அன்று ஒளிபரப்பான பகுதியோடு நின்றது. அதன் கடைசிக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தொடரின் நாயகனான டாக்டரும் அவருடைய துணையான ஏஸ் என்ற இளம்பெண்ணும் முதுகைக் காட்டியபடி நடந்துபோகிறார்கள். எங்கோ அநீதி நடக்கிறது, எங்கோ தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது, நமக்கு வேலை இருக்கிறது என்ற பொருளில் டாக்டரின் குரல் ஒலிக்கிறது. அடுத்த ஆண்டு தொடர் வராமல் போகலாம் என்று தெரிந்த பிறகு, முடிவு போலத் தொனிக்க வேண்டுமென்று அவசரமாக எழுதிச் சேர்த்த வரிகள் அவை.

அந்த வேலையை ரசிகர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். நிக்கோலஸ் பிரிக்ஸ் உள்ளிட்ட சில இளைஞர்கள் 1980-களிலேயே சொந்தமாக ஒலி நாடகங்களைப் பதிவு செய்து, ஒலிநாடாக்களில் ரசிகர்களிடையே பரப்பியிருந்தார்கள்; 2005-க்குப் பிறகு திரையில் டாக்டரின் எதிரிகளான டாலெக்குகளுக்குக் குரல் கொடுப்பவர் அதே பிரிக்ஸ்தான். 1991-இல் விர்ஜின் பதிப்பகம் பிபிசியின் உரிமம் பெற்றுத் தொடரை நாவல்களாகத் தொடர்ந்தபோது, அதன் ஆசிரியர் பீட்டர் டார்வில்-எவன்ஸ் அறிமுகமில்லாதவர்களின் கையெழுத்துப் பிரதிகளுக்கும் கதவைத் திறந்து வைத்தார். முன்பு ரசிகர் சிற்றிதழில் எழுதிய கதையையே விரித்து, பால் கார்னெல் அங்கே தம் முதல் நாவலை வெளியிட்டார். மார்க் கேட்டிஸ் 1992-இலும், ரஸ்ஸல் டி டேவிஸ் 1996-இலும் அதே வரிசையில் எழுதினார்கள். 2005 மார்ச் 26 அன்று தொடரைத் திரைக்கு மீட்டுவந்தவர் அந்த டேவிஸ்தான். கார்னெல் 1995-இல் எழுதிய ஒரு நாவல் 2007-இல் இரண்டு பகுதிகளாகத் திரையேறியது. ரசிகர் கதைகள் பிபிசியைப் பணியவைத்தன என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மீண்டும் தொடங்கலாம் என்ற முடிவு வந்தபோது, அந்த உலகத்தை இடைவிடாமல் எழுதிப் பழகியிருந்த கைகள் தயாராக இருந்தன. அந்தப் பதினைந்து ஆண்டுகளின் பயன் அதுதான் என்பது என் கருத்து.

உங்களுக்கு இதைவிட முக்கியமான பாடம் பெர்னிஸ் சம்மர்ஃபீல்டு. கார்னெல் 1992 நாவலில் டாக்டருக்குத் துணையாகப் படைத்த தொல்லியலாளர் அவர். தொலைக்காட்சியிலிருந்து வந்தவர் அல்லர். 1997-இல் விர்ஜினிடமிருந்து உரிமம் போனபோது டாக்டரும் அவர் பயணம் செய்யும் நீலப் பெட்டியும் பிபிசிக்கே திரும்பின. பெர்னிஸ் மட்டும் கார்னெலின் சொந்தப் படைப்பு என்பதால், அவரை நாயகியாக வைத்து நாவல் வரிசை தொடர்ந்தது. பிக் ஃபினிஷ் நிறுவனம் 1998-இல் ஒலி நாடகங்களைத் தொடங்கியதும் பெர்னிஸை வைத்துத்தான்; டாக்டர் நாடகங்களுக்கான உரிமம் அதற்கு மறு ஆண்டுதான் கைகூடியது. இதே போல 1995-இல் ரசிகர்கள் எடுத்த ‘டவுன்டைம்’ என்ற காணொளிப் படத்தில் டாக்டர் வரவே மாட்டார். தொடரின் பழைய பாத்திரங்களை அவற்றை எழுதியவர்களிடமே அனுமதி வாங்கிப் பயன்படுத்தினார்கள். அதற்குக் கதை எழுதிய மார்க் பிளாட் உருவாக்கிய கேட் என்ற பெண், 2012-இல் தொடருக்குள்ளேயே வந்து சேர்ந்தார்.

இப்போது உங்கள் அத்தியாயங்களுக்கு வருகிறேன். முதல் அத்தியாயத்தின் இரண்டு பக்கங்களில் தொலைக்காட்சியில் வந்த வசனத்தை வரிக்கு வரி எழுதியிருக்கிறீர்கள்; சட்டப்படி உங்களுக்கு மிகவும் பலவீனமான இடம் அதுதான், கதைக்கும் அது தேவையில்லை. நான்காம் அத்தியாயத்தில் நீங்களே படைத்திருக்கும் பத்திரப்பதிவு அலுவலக எழுத்தர் வந்ததும் உங்கள் மொழியே மாறிவிடுகிறது. வில்லங்கச் சான்றிதழில் ஒரே வீடு இரண்டு பெயரில் இருப்பதைக் கண்டதும், அவர் யாரிடமும் சொல்லாமல் அந்தத் தாளை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைக்கிறாரே, அந்த ஒரு செய்கையில் அவருடைய பயமும் துணிவும் எனக்குத் தெரிந்தன. ஆர்.ஜி.ஆனந்த் தீர்ப்பு உங்களுக்குத் துணை நிற்பதும் இங்கேதான்: பூட்டிய வீடு, மறைக்கப்பட்ட வாரிசு, துப்புத் துலக்கும் பெண் என்பன எல்லாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய கருக்கள், அந்த எழுத்தரோ முழுக்க உங்கள் சொத்து.

ஆகவே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தொடரின் மீதிக் கதையை, இது ரசிகர் எழுத்து, உரிமை இன்னாருக்கு என்று முகப்பிலேயே குறிப்பிட்டு, தொடரின் இலச்சினையையோ நடிகர் படத்தையோ அட்டையில் போடாமல் இலவசமாக வெளியிடுங்கள். ஆபத்து முற்றிலும் நீங்கிவிடாது. நீக்கச் சொல்லி உரிமையாளர் எழுதினால் வாதாடாமல் எடுத்துவிடுங்கள். அலைவரிசைக்கு முன்பின் தெரியாமல் பிரதியை அனுப்ப வேண்டாம். பின்னாளில் அவர்கள் ஒத்த கதை ஒன்றை எடுத்தால் இரு தரப்புக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும். எழுத்தரின் கதையைத் தனியே எடுத்து, தொடரின் பெயர்களும் அந்த வீடும் இல்லாமல் வேறோர் ஊரில் நிறுத்தி, முதல் வரியிலிருந்து புதிதாக எழுதுங்கள். ஒவ்வொரு வரைவையும் தேதியிட்டுப் பாதுகாத்து வையுங்கள். அந்த நூலை நீங்கள் தாராளமாக விற்கலாம். அதன் முதல் மூன்று அத்தியாயங்கள் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். அந்தத் தாளை அவர் யாரிடம் முதலில் காட்டப்போகிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவலாக இருக்கிறது.