100 செ.மீ பையனோட மரியோ லேண்ட்: ஒசாகாவா ஹாலிவுட்டா?
பையன் உயரம் 100 செ.மீ தான், நின்டெண்டோ வேர்ல்டுக்கு (யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பார்க்குக்குள்ள இருக்குற மரியோ கேம் ஏரியா) ஜப்பான்ல ஒசாகா போலாமா, அமெரிக்கால ஹாலிவுட் போலாமான்னு கேட்டிருந்தீங்க. கண்ண மூடிட்டு ஒசாகா போங்க ப்ரோ. ஹாலிவுட்ல இருக்குறதே ஒரே ரைடு, மரியோ கார்ட், அதுக்கு கிட்டத்தட்ட 102 செ.மீ வேணும், வாசல்லயே நிறுத்திருவாங்க, அப்புறம் பையன் அழுதான்னா அன்னைக்கு நாளே போச்சு. ஒசாகாலயும் மரியோ கார்ட் ஏற முடியாது (அங்க 107 கேப்பாங்க), ஆனா யோஷி ரைடு இருக்கு, பெரியவங்க கூட வந்தா 92 போதும். ஆமை வேகம்தான், எனக்கு செம போர், சின்னப் பசங்களுக்கு சூப்பரா இருக்கும். பவர் அப் பேண்ட் (கையில கட்டுற பட்டை) தனியா காசு குடுத்து வாங்கணும், கொள்ளைதான், இருந்தாலும் வாங்கிடுங்க, அது இல்லாம அங்க இருக்குற கேம் பிளாக்க தட்டினா காயின் சேராது, மூணு சாவி சேத்து கேம் வில்லன் பவுசர் ஜூனியர் கூட சண்டை போடவும் முடியாது, சும்மா சினிமா செட்ட சுத்திப் பாத்த மாதிரிதான் இருக்கும். கூட்டமான நாள்னா நின்டெண்டோ வேர்ல்டு ஏரியாக்குள்ள போகவே நேரம் போட்ட தனி டிக்கெட் வேணும், யுனிவர்சல் பார்க்குக்குள்ள நுழைஞ்ச உடனே அவங்க ஆப்ல எடுத்துருங்க.