சிறிய மடிக்கணினியில் உலாவி ஏன் இவ்வளவு இடத்தை அடைக்கிறது?

பதினோரங்குலத் திரையில் பக்கத்தின் சிறு பகுதியே தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். குறை அகலத்தில் அன்று, உயரத்தில் உள்ளது. 1366×768 புள்ளிகள் கொண்ட திரையில் தாவல் வரிசை, முகவரிப் பட்டை, புத்தகக்குறிப் பட்டை, கீழே விண்டோஸின் பணிப்பட்டை ஆகிய நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, ஏற்கெனவே குறைவான அந்த 768 புள்ளிகளையே பங்குபோட்டுக்கொள்கின்றன. பக்கவாட்டிலோ பல தளங்களில் இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

ஆகவே, தாவல்களை இடப்பக்கத்துக்கு மாற்றுவதே முறையான தீர்வு என்பேன். எட்ஜில் 2021 முதலும் ஃபயர்பொக்ஸில் 2025 முதலும் இவ்வசதி உண்டு. எட்ஜில், தாவல்கள் இருந்த இடத்தில் மேலே எஞ்சும் தலைப்புப் பட்டையையும் மறைக்காவிட்டால் பயன் குறைவு. திருகோணமலையில் என் மகள் உயர்தரப் பாடக்குறிப்புகளை வாசிக்கும் பழைய கணினியில் இவ்வாறே செய்துகொடுத்தேன் (இரண்டு நாள் முணுமுணுத்தாள், பிறகு பழகிவிட்டாள்). உலாவியை முழுத்திரைக்கு மாற்றும் எஃப்11 விசை முகவரிப் பட்டையையும் மறைத்துவிடுவதால், நீண்ட வாசிப்புக்கு மட்டுமே உகந்தது.